நீலப் புள்ளி வைத்த நத்தை

மாமா,

போன வாரம் அக்கா உன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை என் கையில் கொடுத்தாள். "உனுக்கு செட்டாவுதா பாரு, சொம்மா தூக்கிப் போடறதுக்கு பதிலா" என்றாள். திறந்தேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு நத்தை ஓடு இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுதான். பழுப்பு நிறம், முனை கூராக இருந்தது. முதுகில் நீல பெயிண்டில் ஒரு புள்ளி. மாட்டுக் கொம்புக்கு அடிக்கும் நீலம்.

"இது இன்னாக்கா?" என்று கேட்டேன். அக்கா சிரித்தாள். நீ போன இந்த ஆறு மாதத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னாள். அதைக் கேட்டுவிட்டு, ஆறாம் வகுப்போடு நின்றவன் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள். நீ இருந்தவரை உன்னை 'நீ' என்றே கூப்பிட்டேன். இப்போது 'நீங்கள்' போட்டால் வேறு யாருக்கோ எழுதுகிற மாதிரி இருக்கும்.

உன் குட்டை இப்போது இல்லை. திருவொற்றியூர் ரயில் பாதைக்கும் கம்பெனி மதிலுக்கும் நடுவில் மழைத்தண்ணீர் தேங்கி நின்ற அந்த இடத்தை மண் கொட்டி மூடி, கன்டெய்னர் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் உன் இரண்டு எருமைக்கும் தண்ணீர் என்றால் அது ஒன்றுதான். மூத்தவள் செல்லி. அவள் பாலில்தான் உன் வீட்டு அடுப்பு எரிந்தது.

செல்லி இளைக்கிறாள் என்று மாட்டு டாக்டரிடம் ஓட்டிப்போனாய். திரும்பி வந்து டீக்கடையில் உட்கார்ந்து, கோயிலில் கதை சொல்கிறவர் மாதிரி எங்களுக்கு விளக்கினாய்.

"அதுக்கு ஈரல்ல புயு கீதாம் மச்சான். சாணியோட முட்ட வெளிய வந்து தண்ணில பொரியுதாம். பொரிஞ்சது நேரா நத்தைக்குள்ள பூந்துக்குது. ஒண்ணு பூந்தா நூறா வெளிய வருது. வந்து புல்லு மேல ஒட்டிக்குது. மாடு அந்தப் புல்ல துன்னா திரும்ப ஈரலுக்குப் போயிடுது."

"அப்போ மாட்டுக்குள்ள கல்யாணம், நத்தைக்குள்ள பிரசவம், புல்லு மேல வாடகை வூடா மாமா?" என்றேன்.

டீக்கடை பாய் கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நீயும் சிரித்தாய். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

டாக்டர் மருந்து கொடுத்திருந்தார். மருந்தில் புழு போகும், அதே தண்ணீருக்குப் போனால் மறுபடி வரும், நத்தையை ஒழித்தால்தான் வழி என்று சொல்லி அனுப்பியிருந்தார். நீ அதை அப்படியே பிடித்துக்கொண்டாய். சாயங்காலம் தென்னை மட்டைகளைக் கயிற்றில் கட்டிக் குட்டையில் ஊறப்போடுவாய். காலையில் தூக்கினால் மட்டையின் அடியில் நத்தைகள் அப்பிக்கொண்டிருக்கும். பக்கெட்டில் உதிர்த்து, மேலே பலகை போட்டுக் கரையில் வைத்துவிட்டுப் பால் ஊற்றக் கிளம்புவாய். பத்து மணிக்குத் திரும்பி வந்துதான் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுவாய்.

ஹார்பரில் மூட்டை தூக்கின வேலை நின்றுபோய் நான் சும்மா சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஊரில் எல்லாருக்கும் பட்டப்பேர் வைப்பதுதான் என் உத்தியோகம். உனக்கு நத்தைக்காரர் என்று வைத்தேன். அது போதாது என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. நீ பால் ஊற்றப் போனதும் பலகையை நகர்த்தி, பக்கெட்டில் பாதியைத் திரும்பக் குட்டையில் கொட்டினேன். முழுவதும் கொட்டினால் தெரிந்துவிடும் இல்லையா? அப்படி ஒரு நாள் மட்டும் இல்லை. ஒரு மழைக்காலம் பாதி.

கொட்டிவிட்டு வந்து டீக்கடையில் உன்னையே கேட்பேன். "இன்னா மாமா, இன்னிக்கு எத்தினி உருப்படி?"

"பொறுக்கப் பொறுக்க வந்துகினே கீது மச்சான். பேஜாரா கீது. எங்கேருந்துதான் வருதோ."

"சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லி அனுப்பிருக்கும் மாமா. நீ நல்லா கவனிக்கறேன்னு."

கடை முழுக்கச் சிரிக்கும். முட்டி வரைக்கும் சேறு காய்ந்த காலோடு நீ டீயை ஊதிக் குடிப்பாய். வலித்த இடுப்பைக் கையால் அழுத்திக்கொள்வாய். அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இந்தக் கடிதத்தில்கூட எழுத முடியாது.

ஒரு நாள் கரையில் பக்கெட் இல்லை. அன்றிலிருந்து நீ அதைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டே பால் ஊற்றப் போனாய். மாமாவுக்கு நத்தை மேல் பாசம் வந்துவிட்டது என்று அதையும் கடையில் சொல்லிச் சிரித்தேன். விளையாட்டு அத்தோடு முடிந்தது.

தை பிறந்தபோது செல்லிக்குத் தாடைக்குக் கீழே நீர் கட்டித் தொங்கியது. வயிற்றில் கன்று. நீ இரண்டாம் தடவை மருந்து வாங்கி, மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டினாய். நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விழுங்கவில்லை. மறுநாள் கன்றோடு போய்விட்டாள்.

புதைப்பதற்கு முன்னால் டாக்டர் வந்து வயிற்றைக் கீறி ஈரலை எடுத்துக் காட்டினார். கல் மாதிரி கெட்டியாக இருந்தது. அறுத்த இடத்திலிருந்து வேப்பிலை மாதிரி தட்டைத் தட்டையாகப் புழுக்கள் வழிந்தன. எல்லாரும் துண்டால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டார்கள். என் வாய் மட்டும் நிற்கவில்லை. "இத்தினி பேரா உள்ள குடியிருந்தாங்க?" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். திட்டுவாய் என்று நினைத்தேன். "மச்சான், நீ தலப்பக்கம் புடி" என்றாய். பிடித்தேன். குழிக்குள் இறக்குகிற வரைக்கும் அவள் கண் என் பக்கமே இருந்தது.

பிறகு ஒரு தடவை டாக்டரை வழியில் பார்த்து, யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டேன். "நத்தையப் பொறுக்கினா புயு வராதா சார்?" அவர் "கொறையும். சுத்தமா வராதுன்னு சொல்ல முடியாது" என்றார். 'கொறையும்' என்றதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், அடுத்ததை மட்டும் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டினேன்.

இளைய எருமையை நீ விற்றாய். குட்டையை மூடியதும் அதே இடத்தில் கன்டெய்னர் கேட்டில் காவலுக்கு உட்கார்ந்தாய். அங்கேயும் வந்து உன்னைக் கிண்டல் பண்ணினேன். டீக்கடையில் நீ பால் இல்லாத டீ வாங்கிக் குடித்தபோது, "இன்னா மாமா, சுகரா? டாக்டரு பாலக் கட் பண்ட்டாரா?" என்றேன். "ஆமா மச்சான்" என்று மட்டும் சொன்னாய். நீ இறந்த அன்று தெருப்பையன்கள் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில், உன் பேருக்கு முன்னால் 'நத்தைக்காரர்' என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். நான் வைத்த பேர். சுவர் சுவராக ஒட்டியிருந்தது. அதைத் தாண்டித்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம்.

இப்போது அக்கா சொன்ன கதை.

"உங்க மாமா ஒரு நா நத்தைங்களுக்குப் பெயிண்ட் வெச்சிகினு குந்திகினு இருந்தாரு. லூசாய்யா நீன்னு கேட்டேன். 'பக்கெட்ல போட்டது திரும்ப குட்டைக்கு வருதானு பாக்கறேன்'னாரு. மறுநா காலீல இத்த எடுத்தாந்து காட்டி, 'வந்துகீது'ன்னாரு. யாருய்யா கொண்டாந்து போட்டதுன்னேன். 'ஒரு காக்கா. பாவம், அதுக்குப் பொழுது போவல'ன்னாரு. காக்கா எங்கனா நத்தைய தண்ணில வுடுமாடா?"

நீ நிஜமான காக்காயைச் சொன்னாய் என்றே அக்கா இத்தனை வருஷம் நினைத்திருக்கிறாள். அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் கூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பக்கெட்டைக் கூடவே எடுத்துப்போனாய். தெரிந்துதான் செல்லியின் தலையை என் கையில் கொடுத்தாய். நீ ஒரு அறை விட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசிச் சமாளித்திருப்பேன். நீ அந்த வழியை எனக்கு விட்டுவைக்கவில்லை.

நேற்று அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் கையைப் புடவையில் துடைத்து நீட்டினாள். "அத்தக் குடு." நத்தையைக் கொடுத்தேன்.

"அவருக்கு சுகரும் இல்ல, ஒண்ணும் இல்ல. செல்லி போனப்புறம் அந்த மனுசன் வாயில பாலு வெக்கல. தெரியுமாடா உனுக்கு?" என்றாள். பிறகு, "வூட்டுக்குப் போ" என்றாள்.

இன்று காலை மறுபடி போய் வாசலில் நின்றேன். உள்ளே அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் செருப்புச் சத்தம் அவளுக்குத் தெரியும். திரும்பாமலே சொன்னாள்.

"காக்கா, உள்ள வர்றதுன்னா செருப்ப வெளிய வுட்டுட்டு வா."

ஊருக்கெல்லாம் பேர் வைத்தவன் நான், மாமா. யார் எனக்குப் பேர் வைத்தாலும் அந்த நிமிஷமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். நீ வைத்ததை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன்.