கணப்புக் குழாயில் கிடந்த நீல ஸ்வெட்டர்

ரோரோஸ்,
நவம்பர் 14

அன்புள்ள ஐவிந்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா ஹெர்டிஸும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். பெர்த்தில் இப்போது வெயில், நீயும் நன்றாகத்தான் இருப்பாய். மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் என்னைக் கேட்காதே.

இங்கே மைனஸ் பதினெட்டு. கணப்பு எரிகிறது, புகையே இல்லாமல் எரிகிறது. இரண்டு மாதமாக மூட்டும்போதெல்லாம் புகை கூடத்துக்குள்ளேயே திரும்பி வந்ததைப் போனில் உன்னிடம்தானே சொல்லி அழுதேன். கட்டை காய்ந்த கட்டைதான், ஆனாலும் கண் எரிச்சல், தலைவலி. ஆகஸ்டில் ஹெர்டிஸ் மாற்றிக்கொடுத்த புது ஜன்னல்களில் ஊசி முனையளவு காற்றுகூட நுழையாது. அதோடு காற்றை வெளியே இழுக்கிற சமையலறை விசிறியையும் போட்டால் தொலைந்தது, மேலே போன புகையெல்லாம் கீழே இறங்கிவிடும். ஜன்னலைத் திறந்துவைத்து, கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து காபி குடித்தேன். அந்தக் கோலத்தைப் பார்த்து ஹெர்டிஸ் பயந்து உனக்குப் போன் செய்தாள். நீ என்ன சொன்னாய்? "அம்மாவுக்குத் தீ மூட்டுறதுகூட மறந்துபோச்சுக்கா, இனிமே தனியா விடக்கூடாது." நாற்பத்தொரு வருஷமாக இந்த வீட்டில் தீ மூட்டிய கை இது. அப்படியும் நீ சொன்னதை நானே நம்பிவிட்டேன், அதுதான் எனக்கு ஆறவில்லை. முதியோர் இல்லத்துக்கு நீ அனுப்பச் சொன்ன விண்ணப்பத்தில் கையெழுத்தும் போட்டு வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை புகைபோக்கி துடைக்கிற அர்வித் வந்தான். புகை அடிக்கிறது என்றதுமே அவன் கேட்டது வெளிக்காற்றுக் குழாயைப் பற்றி. உனக்குத் தெரியாததா, தீ கூடத்துக் காற்றைத் தின்னாமல் வெளிக்காற்றைத் தின்னட்டும் என்று உன் அப்பா சுவருக்கு வெளியிலிருந்து தரைக்கடியில் சாம்பல் பெட்டி வரைக்கும் போட்டாரே, அந்தக் குழாய்தான். அதை மூடித் திறக்கிற கைப்பிடி திறந்துதான் இருக்கிறது, மூட்டும்போது திறந்து அணைந்ததும் மூடுவேன், ஒருநாளும் தவறியதில்லை என்றேன். அவன் சாம்பல் பெட்டியை உருவிவிட்டு, தோள்வரைக்கும் கையை விட்டு இழுத்தான். கரிபிடித்து ஒரு துணி வந்தது. உதறுவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து உனக்கு நான் பின்னிய நீல ஸ்வெட்டர். விமான நிலையத்தில் தொலைந்துபோச்சு என்றாயே, அது.

ஈஸ்டருக்கு வந்தபோது கணப்புப் பக்கத்தில் படுத்தாய், அந்தக் குழாய் வழியாகக் காலில் குளிர் அடித்திருக்கிறது. சரி, நீ மூட்டிய தீ அணைந்ததும் கைப்பிடியைத் திருகினால் ஆயிற்று, அதைச் செய்யாமல் ஸ்வெட்டரைத் திணித்து அடைத்துவிட்டாய். அதையும் மன்னிப்பேன். அப்போதெல்லாம் பழைய ஜன்னல் இடுக்கில் காற்று வந்ததால் நமக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நேற்று ஹெர்டிஸ் கேட்டதற்கு, அடைத்தது அக்டோபரிலேயே ஞாபகம் வந்துவிட்டது, "சொல்ல வெட்கமா இருந்துச்சு" என்றாயாமே. உன் மானத்தைக் காப்பாற்ற என் புத்தியைப் பலிகொடுத்தாயா? நான் புகையில் இருமியதைப் போனில் கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்? இந்த விஷப் புகையில் தூங்கியிருந்தால் எழுந்திருக்கவே மாட்டீங்க என்று அர்வித் சொன்னான். வேற்றாள் செய்திருந்தால் இரண்டு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பேன். நீ என் பிள்ளை, யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஹெர்டிஸ் கூனிக்குறுகிப் போய் வாஃபிள் சுட்டுக்கொண்டு வந்தாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை, கண்ணால் பார்த்ததை நம்பினாள். அந்த விண்ணப்பத்தைச் சுருட்டி இன்று காலை கட்டைக்கு அடியில் வைத்தேன். ஒரே தீக்குச்சியில் பிடித்துக்கொண்டது.

வயிறாரச் சாப்பிடு, வெயிலில் தொப்பி போட்டுக்கொள், நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு. கோபத்திலும் உனக்கு வேறு எதுவும் வேண்டிக்கொள்ள எனக்கு வரவில்லை. ஸ்வெட்டரை மூன்று தடவை துவைத்தும் கரி வாசம் போகவில்லை, இதோடு பார்சலில் அனுப்புகிறேன். இந்தத் தடவை தொலைத்துவிடாதே.

இப்படிக்கு,
எதையும் மறக்காத உன் அம்மா,
குன்வோர்