விலை ஏறிய செவ்வாய்க்கிழமை

வலங்கைமான்
ஜூன் 3

அன்பு மகள் மதிவதனிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகம். காது மந்தமானதிலிருந்து போனில் நீ பேசுவது எனக்கு விளங்கவில்லை. அதனால்தான் கடிதம்.

குறுவைக்கு நாற்று விட்டாயிற்று. வளைகுடாவில் சண்டை வந்த நாள் முதல் டீசலுக்குக் கேனும் கையுமாக வரிசையில் நிற்கிறோம். யூரியா கேட்டால் கையை விரிக்கிறார்கள்.

அது கிடக்கட்டும். உன் தம்பி அன்பரசன் எண்ணெய்க் கப்பலோடு அங்கேதானே இருக்கிறான்? "தம்பிய வந்துடச் சொல்லி மதிக்கு எழுதுங்க, அக்கா சொன்னாத்தான் கேப்பான்" என்று அம்மா என் காதருகே வந்து கத்துகிறாள். மும்பையில் எண்ணெய் வியாபாரக் கம்பெனியில் இருக்கிறாய். எங்களைவிட உனக்கு நிலவரம் தெரியும். அவனிடம் பேசிவிட்டு எழுது.

உன் அப்பா,
முருகையன்

மும்பை
ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

தம்பியிடம் பேசினேன். "இறங்கிடட்டுமாக்கா?" என்று கேட்டான். "ஒப்பந்தம் முடிய இன்னும் ரெண்டே மாசம்டா. பாதியில இறங்குனா கம்பெனி திரும்ப எடுக்காது. சண்டை அடங்கிடும்" என்றேன். "சரிக்கா" என்றான்.

பயப்படாதீங்க. அம்மாவிடமும் சொல்லுங்க.

மதிவதனி

மும்பை
ஜூலை 20

அப்பா,

தம்பியின் கருமாதி முடிந்து நான் இங்கே வந்து ஒரு வாரம் ஆகிறது. அங்கே உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

எண்ணெய் விலை ஏறுமா, இறங்குமா என்று கணித்து வாங்கி விற்பதுதான் என் வேலை. சண்டை நீளும், விலை ஏறும் என்று மே மாதமே ஆபீஸில் எழுதிக் கொடுத்தவள் நான். அதை நம்பித்தான் கம்பெனி எண்ணெயை வாங்கி வைத்திருந்தது. தம்பியிடம் மட்டும் அடங்கிவிடும் என்றேன். அவன் வேலை போய்விடக் கூடாது என்று நினைத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, ஒரு கப்பல் மீது குண்டு விழுந்ததாக டிவியில் ஓடியது. உடனே விலை குதித்தது. எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். நானும் தட்டினேன், அப்பா. கப்பலின் பெயர் வர அரை மணி நேரம் ஆயிற்று.

திட்டியாவது நாலு வரி எழுதுங்க.

மதி

வலங்கைமான்
ஜூலை 28

மதிவதனிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா படித்துக் காட்டச் சொன்னாள். நீ சுகமாக இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன். நீயும் அவளிடம் எதையும் சொல்லிவிடாதே. தாங்க மாட்டாள்.

கை தட்டியது தெரியாமல் செய்தது. அதை நான் மனதில் வைக்கவில்லை. ஆனால் சண்டை நீளும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அவன் உன்னிடம் கேட்டான். நானும் கேட்டேன்.

நீயும் நான் பெற்ற பிள்ளைதான். அது மாறாது. அம்மாவுக்குத் தினமும் போன் செய். உன் குரல் கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்குகிறது.

எனக்குக் கொஞ்ச காலம் எழுதாதே. எழுதினால் பதில் போட வேண்டும். என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா