ரெண்டுன்னே போட்டுக்குங்க

எனக்கு வலிக்கக் கூடாதென்று தன் வலியை மறைத்த என் அத்தைக்கு,

ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், பெண்கள் வார்டுக்கு வெளியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மணி பத்தேகால். உள்ளே மல்லிகா இருக்கிறார். இடுப்பில் ஆபரேஷன் முடிந்து நான்கு நாள் ஆகிறது. இன்று காலை ஏழு மணிக்கு மூத்திரக் குழாயை எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குள் தானாகப் போனால் நல்லது. போகாவிட்டால் மறுபடியும் குழாய். அப்புறம் எத்தனை மாதமோ, ஆயுசுக்குமோ, யாராலும் சொல்ல முடியாது.

மல்லிகாவை உங்களுக்குத் தெரியாது. கருமத்தம்பட்டியில் ஒரு தறிக்குடோனில் வேலை செய்கிறவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் இந்த நான்கு நாளாக அவரை நினைக்கும்போதெல்லாம் உங்கள் முகம்தான் வந்து நிற்கிறது. அதனால்தான் மூன்று வருஷம் கழித்து உங்களுக்கு எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் பிசியோதெரபி கல்லூரியில் இப்போது ஓர் ஆராய்ச்சி நடக்கிறது அத்தை. இடுப்புவலிதான் விஷயம். தறி ஓட்டுகிறவர்களில் இடுப்பு வலிக்காதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வலி வந்தால் ஓடிப்போய் ஸ்கேன் எடுக்கிறார்கள். "தட்டு விலகிருச்சு" என்று யாராவது சொன்னதும் பயந்து, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பல பேருக்கு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் அந்தத் தட்டு அப்படித்தான் இருக்கும். பெரும்பாலான இடுப்புவலி, பயப்படாமல் நடமாடிக்கொண்டிருந்தால் சில வாரங்களில் தானே அடங்கிவிடும்.

இதைப் புரியவைத்துப் பயிற்சியும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இன்னொரு பகுதி ஆட்களுக்கு வழக்கமான மாத்திரையும் பெல்ட்டும். ஆறு வாரம் கழித்து யாருக்கு வலி எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வலியை அளக்க மெஷின் கிடையாது. கேட்கத்தான் வேண்டும். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாதென்றால் பத்து. எந்த எண் என்று அவர்களே சொல்வார்கள், நாம் எழுதிக்கொள்ள வேண்டும்.

வைத்தியம் பார்த்தவரே இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று திட்டத்தில் தெளிவாக எழுதியிருந்தது. கேட்பதற்கென்று இருந்த பெண் கல்யாணமாகிப் பெங்களூர் போய்விட்டாள். வேறு ஆள் வரும்வரை நானே போன் செய்கிறேன் என்று நான்தான் முன்வந்தேன். ஜனங்களுக்கு என்னைப் பிடிக்கும், என்னிடம் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று காரணம் வேறு சொன்னேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

"ஏனுங்க, இப்ப பரவாயில்லைங்களா?" என்றுதான் ஒவ்வொரு போனையும் தொடங்குவேன். "பரவாயில்லைங்க மேடம்" என்பார்கள். வேறென்ன சொல்வார்கள்? விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பு இல்லையென்று நம் ஊரில் யார் வாய் திறந்து சொல்லியிருக்கிறார்கள்? வாரா வாரம் எண்கள் ஐந்து, மூன்று, இரண்டு என்று அழகாக இறங்கின. எங்கள் தலைமை டாக்டர் கம்ப்யூட்டரில் அந்தக் கோடு இறங்குவதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் உங்க கைராசி" என்றார்.

கைராசி. இதே வார்த்தையை அதற்கு முன் உங்கள் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறேன்.

உங்கள் இடுப்புவலிக்கு நான் வைத்தியம் பார்த்த அந்த வருஷம், காரமடைத் தேருக்கு வந்த உறவுக்காரர்களையெல்லாம் உட்காரவைத்துச் சொன்னீர்கள். "என்ற மருமக கைராசி அப்படி. அவ தொட்டாப் போதும், இடுப்புவலி எந்திரிச்சு ஓடிப்போயிரும்." உங்கள் நாத்தனார் விடவில்லை. "அப்பறம் ஏன் செவுத்தைப் புடிச்சுட்டே நடக்கறே?" என்று கேட்டார். "செவுரு உழுந்துரக் கூடாதுன்னுதான்" என்றீர்கள். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன் அத்தை.

பிரிட்ஜ் கதவில் நான் ஒட்டிவைத்த தாள் ஞாபகம் இருக்கிறதா? நாளுக்கொரு கட்டமாக மாதம் முழுவதும். பயிற்சி செய்ததும் அன்றைய கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். ஒரு நாள்கூட நீங்கள் விட்டதில்லை. கல்லூரியிலிருந்து வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "பரவால்ல அம்மணி, நீ போயி காப்பி குடி" என்பீர்கள். தூக்கம் எப்படி என்றால் நல்லா தூங்கினேன் என்பீர்கள்.

படுத்தால் வலி தாங்காமல் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தே விடியவைத்தீர்கள் என்பது உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கிறது. "அம்மணிகிட்டச் சொல்லிப்போடாதே, சங்கடப்படுவா" என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தீர்கள். உடம்பு இளைத்து ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்துப்போக, நீங்களே ஓரத்தைப் பிடித்துக் கையால் தைத்துக்கொண்டீர்கள். காரணமில்லாத இளைப்பு, படுத்தாலும் குறையாத வலி. இவை இரண்டும் இருந்தால் அது சாதாரண இடுப்புவலி இல்லை என்று வருஷா வருஷம் மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். வீட்டில் டிக்கைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

கால் இரண்டும் வராமல்போன அன்றுதான் ஸ்கேன் எடுத்தோம். புற்று முதுகெலும்பெல்லாம் பரவியிருந்தது. இரண்டு மாதம் முன்பே பார்த்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். உயிரைப் பற்றிச் சொல்ல முடியாது, கால் போகாமல் இருந்திருக்கலாம் என்றார். அந்த "இருந்திருக்கலாம்" என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் பிரிட்ஜிலிருந்து அந்தத் தாளை எடுக்கப் போனேன். உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தது பன்னிரண்டாம் தேதி. டிக் முப்பதாம் தேதிவரை இருந்தது.

ஒரே மூச்சில் உட்கார்ந்து போட்டீர்களா அத்தை? வராத நாளுக்கும் சேர்த்து? அந்தத் தாள் என் பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது. உங்கள் மகனுக்குக்கூடக் காட்டியதில்லை.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு மல்லிகாவுக்குப் போன் செய்தேன். அவருக்கு அது ஆறாவது வாரம், கடைசிப் போன். பரவாயில்லைங்களா என்றேன். "பரவாயில்லைங்க மேடம். ரெண்டுன்னே போட்டுக்குங்க" என்றார். போட்டுக்கொண்டேன். அடுத்த பெயருக்குப் போக வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. பிறகுதான் தெரிந்தது, சத்தம். மல்லிகாவோடு பேசும்போதெல்லாம் பின்னால் தறிகள் அடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு பேரும் கத்தித்தான் பேசுவோம். அன்று அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"ஏனுங்க, தறிக்குப் போகலீங்களா?"

"மூணு நாளாப் போகலீங்க."

வலி இரண்டு என்று சொல்கிறவர் மூன்று நாள் ஏன் வீட்டில் இருக்கிறார்? அதற்குமேல் நான் வலியைப் பற்றிக் கேட்கவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றேன். வாசல் தெளிக்கப் போனாராம். ஒரு கால் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே நடந்துவிட்டாராம். பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டுக் காட்டினாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பாத்ரூம் போனீர்களா என்று கேட்டேன். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து சரியாக வரவில்லை, சூடு பிடித்திருக்கும் என்று இளநீர் குடித்ததாகச் சொன்னார். உட்காருகிற இடத்தில் தொட்டால் தெரிகிறதா என்றேன். குரலைத் தாழ்த்தி, "மரத்துப்போன மாதிரி இருக்குதுங்க. இதையெல்லாம் எப்படிங்க வெளிய சொல்லறது" என்றார்.

தட்டு பெரிதாகப் பிதுங்கி, கீழே இறங்குகிற நரம்புக் கற்றையையே நெரித்தால் இப்படி ஆகும். எப்போதோ ஒருவருக்குத்தான் ஆகும். ஆனால் மணிக்கணக்கில்தான் அவகாசம். அதற்குள் அழுத்தத்தை எடுக்காவிட்டால் காலும் போகலாம், அடக்குகிற சக்தியும் போகலாம். தலைமை டாக்டருக்குப் போன் செய்தேன். உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். ஆம்புலன்ஸ் அனுப்புகிறேன் என்றால் மல்லிகா ஒப்பவில்லை, தெருவே கூடிவிடும் என்றார். கல்லூரிக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவினாசி ரோட்டில் அன்று எனக்கென்று எல்லா சிக்னலும் சிவப்பாகவே இருந்தன.

போய்ச் சேர்ந்தால், எனக்காகக் காப்பி போட்டு வைத்திருந்தார் அத்தை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, தம்ளரை நீட்டினார். இடது பாதம் தரையில் இழுபட்டது.

வீட்டுக்காரர் துணி லோடு ஏற்றிக்கொண்டு ஈரோடு போயிருக்கிறார், சாயங்காலம் வந்துவிடுவார், வந்ததும் இரண்டு பேருமாக வருகிறோம் என்றார். நரம்பு, அவகாசம், ஆபரேஷன் என்று நான் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. "ரெண்டுதானுங்களே மேடம்" என்றார், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. என் எண்ணை எனக்கே திருப்பிக் கொடுத்தார். மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது.

அப்போதுதான் உங்களைப் பற்றிச் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாததை அந்த வாசலில் நின்று சொன்னேன். "எங்க அத்தையும் இப்படித்தானுங்க பரவாயில்லை பரவாயில்லைன்னாங்க. நான் நம்பிட்டேன். முப்பதாம் தேதி வரைக்கும் டிக் போட்டு வெச்சுட்டுப் போய்ச் சேர்ந்துட்டாங்க."

மல்லிகா என் கையிலிருந்த தம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"ஒம்பதுங்க" என்றார். "மொத வாரத்துல இருந்தே கொறையலீங்க. அத்தனை தூரம் பொறுமையாச் சொல்லிக்குடுத்தீங்க. கொறையலீன்னு சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதானுங்க."

காரில் ஏறினார். யாருக்கும் எடுத்ததும் ஸ்கேன் வேண்டாம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நான், ஸ்கேன் அறை வாசலில் சீக்கிரம் எடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டு நின்றேன். இரண்டு பேச்சும் சரிதான் அத்தை. எது யாருக்கு என்று தெரிய வேண்டும். அதற்கு உண்மையான பதில் வேண்டும். அன்று சாயங்காலமே ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்காரர் ஈரோட்டிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை, நான் போன் செய்து நிரப்பிய தாள்கள் அத்தனையையும் தலைமை டாக்டர் மேஜைமேல் வைத்தேன். இந்த எண்களை நம்ப வேண்டாம், இவர்கள் தங்கள் வலியைச் சொல்லவில்லை, எனக்கு மரியாதை செய்திருக்கிறார்கள் என்றேன். அவர் தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். "நீங்களா இப்படி?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. இனி என்னை அறியாத ஒருவர் எல்லார் வீட்டுக்கும் போய்ப் புதிதாகக் கேட்கப் போகிறார். மல்லிகாவைப் போல இன்னும் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்களோ என்று சனியும் ஞாயிறும் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். எண் கேட்கவில்லை. செருப்பு நிற்கிறதா, மூத்திரம் சரியாகப் போகிறதா, ரவிக்கை தொளதொளக்கிறதா, படுத்துத் தூங்குகிறீர்களா என்றுதான் கேட்டேன். இதுவரை வேறு யாருக்கும் ஆபத்தாக ஒன்றும் இல்லை.

மணி பதினொன்றரை. இப்போது உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பரவாயில்லைங்களா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு சும்மா நின்றேன்.

"வரலீங்க மேடம்" என்றார் மல்லிகா. "உங்க மூஞ்சியப் பாத்ததும் வந்துருச்சுன்னு சொல்லிரலாமான்னு இருந்துதுங்க."

"சொல்லாததே பெரிய உதவிங்க" என்றேன்.

பன்னிரண்டு ஆக எட்டு நிமிஷம். நர்ஸ் அளவுக் குவளையோடு வெளியே வந்தார். என் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கொஞ்சம்தான். அடிப்பக்கத்துக் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அளவு. மூத்திரப்பையில் இன்னும் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், சாயங்காலம் மறுபடியும் பார்க்க வேண்டும், பாதம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. ஆனால் குழாய் இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர். உள்ளேயிருந்து மல்லிகாவின் குரல் கேட்டது. "மேடம், வலி ஆறுங்க. ஆறுன்னு எழுதிக்குங்க." எழுதிக்கொள்கிற வேலை இப்போது எனக்கில்லை. ஆனாலும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனதும் புடவைக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து உங்கள் மகனிடம் காட்டுவேன். நாளை வகுப்பில் மாணவிகள் கையில் கொடுப்பேன். பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகுள்ள டிக்குகளை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். இனி யாரிடம் வலியைக் கேட்டாலும், பதிலையும் நானே எடுத்துக் கொடுக்க மாட்டேன் அத்தை. அவர்கள் சொல்லும்வரை நிற்பேன். சொன்னது எனக்குப் பிடிக்காததாக இருந்தாலும் நிற்பேன்.

நீங்கள் செவுத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது கூடச் சேர்ந்து சிரித்த
உங்கள் மருமகள்,
சுமதி