என் வீட்டில் நீங்கள் கண்ட மனுசன்

இன்று காலை டென்மார்க்கின் வைலே நகரில் மகளின் குசினிக்குள் போனதும் அந்த மணம் மூக்கில் ஏறியது. அரைத்த ஈரலைத் தட்டில் அடைத்துச் சூட்டடுப்பில் வைத்திருந்தாள். பேரனுக்குக் கறுப்பு ரொட்டியில் பூசிக் கொடுக்கப் போகிறாளாம். டேனிஷ்காரர் எல்லோர் வீட்டிலும் உள்ள மணம்தான். எனக்கு மட்டும் அது உங்கள் வீட்டு மணம். எஸ்பியர்க்கில் உங்கள் குசினி மேசை, அதைச் சுற்றிக் குழந்தைகள், நடுவில் கையில் கத்தியோடு ரொட்டி வெட்டும் நீங்கள். நீங்கள் செத்துப்போனதை உங்கள் மகள் போன கிழமை தொலைபேசியில் சொன்னபோது அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. இன்றைக்கு அந்த ஈரல் மணத்தில் வந்தது கோபம்தான். இத்தனை வருசமாக எங்கே கிடந்ததோ, சூடு ஆறாமல் அப்படியே வந்தது.

'அக்கா' என்று எழுதத் தொடங்கிவிட்டு வெட்டினேன். அப்படித்தான் உங்களைக் கூப்பிட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டு, தெரிந்ததும் தெருவெல்லாம் சொல்லிச் சந்தோசப்பட்டீர்கள். இப்போது அந்தச் சொல் கைக்கு வரமாட்டேன் என்கிறது.

உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதுகிறேன் என்பது எனக்குத் தெரியும். டேனிஷை நான் கடைக்கும் அரசாங்கக் கந்தோருக்கும் பயந்து பயந்து படித்தவள். அதில் எனக்கு மரியாதையாக மட்டும்தான் கதைக்க வரும், கோபப்பட வராது. நீங்கள் டேனிஷில் சொன்னவைகூட என் தலைக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கிடக்கின்றன. அப்படியே எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் என் மனுசனை வேலைக்குப் போன வழியில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எந்த முகாம் என்று கேட்கப் போனால், அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்றார்கள். நான் கைக்குழந்தையோடு எப்படியோ டென்மார்க் வந்து சேர்ந்தேன். காலையில் மொழி வகுப்பு, பின்னேரம் மீன் தொழிற்சாலையில் பொதி கட்டுகிற வேலை. பிள்ளையை யார் பார்ப்பது? கொமூன் என்கிற நகரசபை உங்களைக் காட்டியது. உங்கள் வீட்டிலேயே மற்றவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்ப்பீர்கள், கொமூன் உங்களுக்குச் சம்பளம் தரும், பெற்றோர் ஒரு பங்கு கட்ட வேண்டும். வருமானம் குறைந்து, தனியாகப் பிள்ளை வளர்க்கிறவளாக இருந்தால் அந்தப் பங்கும் இல்லை. எனக்கு அந்த இலவச இடம் கிடைத்தது.

முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? வேலை முடிந்து ஓடி வந்தால், மூக்கு உறைகிற குளிரில் என் பிள்ளையைத் தோட்டத்தில் தள்ளுவண்டிக்குள் படுக்கப் போட்டிருந்தீர்கள். நான் கத்திக்கொண்டு தூக்கினேன். பிள்ளை அடுப்படிப் பூனை மாதிரிக் கதகதப்பாக இருந்தாள். "வெளியிலை நித்திரை கொண்டால்தான் பிள்ளைக்கு நல்லாப் பசிக்கும்" என்றீர்கள். கோப்பி ஊற்றி என் கையில் வைத்து, கோப்பையோடு சேர்த்து என் கையையும் பிடித்துக்கொண்டீர்கள். நல்லவராக இருந்தீர்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. கெட்டவர் ஒருவர் செய்திருந்தால் ஒரு மாதம் கரித்துக் கொட்டிவிட்டு மறந்திருப்பேன்.

ஒருநாள் என் நெற்றியைக் காட்டிக் கேட்டீர்கள்: "இந்தச் சிவப்புப் பொட்டு என்னத்துக்கு?"

"மனுசன் இருக்கிறார் எண்டதுக்கு" என்றேன்.

"அவர் எங்கை?"

"வருவார்."

அதற்கு மேல் சொல்ல டேனிஷ் போதாது என்பது ஒரு பக்கம். போதுமானதாக இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் இல்லை என்ற சொல்லை என் வாயால் எந்த மொழியிலும் சொல்லுவதில்லை என்று வைத்திருந்தேன்.

சப்பாத்துக் கதையை நீங்கள் ஒருநாளும் முழுதாகக் கேட்கவில்லை. இப்போது கேளுங்கள். எனக்கு மேல்மாடியில் ஒருவன் இருந்தான். வெள்ளிக்கிழமைகளில் குடித்துவிட்டு வந்து என் கதவைத் தட்டுவான். நல்லவனோ கெட்டவனோ தெரியாது. தட்டுவான், ஏதோ சொல்லிச் சிரிப்பான், போவான். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் இருப்பேன். எங்கள் பக்கத்தில் ஆண் இல்லாத வீட்டுக் கொடியில் ஆண்கள் உடுக்கிற சாரம் ஒன்று தொங்கும். தெருவால் போகிறவன் பார்த்து, உள்ளே ஒரு மனுசன் இருக்கிறான் என்று நினைக்க வேண்டும். டென்மார்க் மாடி வீட்டில் கொடிக்கு எங்கே போவது? பழைய சாமான் கடையில் ஒரு சோடி ஆண் சப்பாத்து வாங்கினேன். மண்ணிறத் தோல். வேண்டுமென்றே பெரிதாகப் பார்த்து எடுத்தேன். கதவுக்கு வெளியே கால்மிதியில் வைத்தேன். எப்போதும் அங்கேயே கிடந்தால் பிடிபட்டுவிடும் என்று காலையில் உள்ளே எடுப்பேன், பின்னேரம் வெளியே வைப்பேன். மழை பெய்தால் குழாயில் பிடித்து நனைத்து வைப்பேன். சிரிக்க வேண்டாம். தட்டுவது நின்றுவிட்டது.

மகளுக்குக் கதை வரத் தொடங்கிய காலம். அந்தச் சப்பாத்தைக் காட்டி "ஆற்றை?" என்று கேட்டாள். அப்பாவின்ரை என்றேன். வேறு என்ன சொல்லுவது?

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்த அன்று, நீங்களே அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டீர்கள். எவ்வளவு நல்ல மனம் என்று நினைத்தேன். கதவடியில் நின்று கீழே பார்த்தீர்கள். மகள் உங்களுக்கு விளக்கம் கொடுத்தாள், நீங்களே அவளுக்குப் படிப்பித்த டேனிஷில்: "அப்பாவின்ரை சப்பாத்து." நீங்கள் சிரித்து அவள் தலையைத் தடவினீர்கள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சுகமாக இருக்கச் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

கொஞ்ச நாளில் கொமூன் என்னைக் கூப்பிட்டது. கோல்டிங்கிலிருந்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார், எங்களுக்குள் அண்ணை என்று கூப்பிடுகிற வயது. அதிகாரி அம்மா கேட்டதை அவர் சொன்னார்: "உங்கடை மனுசன் எப்ப இஞ்சை வந்தவர் எண்டு கேக்கினம். நீங்கள் தனி ஆள் எண்டு பொய் சொல்லி இலவச இடம் எடுத்திருக்கிறியளாம்."

நான் சப்பாத்துக் கதையைச் சொன்னேன். குடிகாரன், சாரம், குழாய்த் தண்ணீர், எல்லாம். அவர் அதை டேனிஷில் சொல்லாமல் என் பக்கம் குனிந்தார்.

"தங்கச்சி, இதைச் சொன்னால் சிரிப்பினம். வேறை ஏதும் சொல்லுங்கோ."

"வேறை ஒண்டும் இல்லை அண்ணை. இதுதான் உண்மை."

சொன்னார். அதிகாரி அம்மா சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. எழுதிக்கொண்டே, மனுசன் இங்கே இல்லையென்றால் எங்கே இருக்கிறார் என்று காட்டும்படி கேட்டார். சிறையில் என்றால் சிறைக் கடிதம். செத்துவிட்டார் என்றால் மரண அத்தாட்சி. ஆமி பிடித்ததே இல்லை என்று சொல்லுகிற ஆளுக்கு எந்தச் சிறை கடிதம் தரும்? வெளியே வந்ததும் மொழிபெயர்ப்பாளர் அண்ணை குரலைத் தாழ்த்தினார்.

"ஊரிலை ஆரையும் பிடிச்சு மரண அத்தாட்சி ஒண்டு எடுக்கலாம். எத்தினை பேர் எடுக்கினம். இடமும் போகாது, விதவைக்காசும் வரும்."

அவரும் என் நன்மைக்குத்தான் சொன்னார். எல்லோரும் என் நன்மைக்குத்தான். பிள்ளைக்கு ஒரு இடம் வேண்டும் என்பதற்காக என் கையாலேயே என் மனுசனைச் சாகடித்துக் கடதாசி காட்ட வேண்டும். நான் மாட்டேன் என்றேன். பொய் சொன்னாள் என்று எழுதட்டும், இடத்தைப் பறிக்கட்டும். அவர் சாகவில்லை.

அங்கிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு உங்கள் மேசையில் இன்னொருவன் இருந்து கோப்பி குடித்தான். உங்களிடம் விட்டிருந்த இன்னொரு பிள்ளையின் தகப்பன். அந்தப் பிள்ளையின் தாயும் தனி ஆள் என்ற பெயரில்தான் இலவச இடம் வைத்திருந்தாள். இவன் பேருக்கு வேறு விலாசம், இருப்பது அவளோடு. அதை எனக்குச் சொன்னதே நீங்கள்தான், பாவம் பாவம் என்று. ஒவ்வொரு பின்னேரமும் அவனுடைய வான் வண்டி உங்கள் வாசலில் நிற்கும்.

அவன் போகும்வரை காத்திருந்து கேட்டேன்: "நீங்களோ சொன்னது?"

நீங்கள் மறைக்கவில்லை. "ஓம். கொமூனிலையிருந்து வந்து கேட்டவை. எல்லாப் பிள்ளையளைப் பற்றியும் கேட்டவை. நான் கண்டதைத்தான் எழுதிக் குடுத்தனான்."

"வானையும் கண்டனீங்கள்தானே?"

மேசையைத் துடைத்தீர்கள். துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தீர்கள்.

இடம் போனது. பிள்ளையை விட இடமில்லாமல் வகுப்பும் போனது, மீன் வேலையும் போனது. நீங்கள் மகளின் ரப்பர் சப்பாத்தையும் மாற்று உடுப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தீர்கள். நான் கதவைத் திறந்தபோது குந்தியிருந்தீர்கள். பிள்ளைகளின் சப்பாத்துக்குள் பெருவிரலை விட்டு, கால் வளர்ந்துவிட்டதா என்று பார்ப்பது உங்களுக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தில்தானோ என்னவோ, கதவடியில் இருந்த பெரிய சப்பாத்துக்குள்ளும் கையை விட்டிருந்தீர்கள். கடைக்காரன் அடைத்த கடதாசி அதற்குள் இன்னும் இருந்தது. நனைந்து நனைந்து காய்ந்து கல்லாகியிருந்தது. அதை இழுத்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள்.

"இதை ஒருத்தரும் போடேல்லை" என்றீர்கள்.

உள்ளே வந்து இருந்து அழுதீர்கள். தேத்தண்ணி போட்டுத் தந்தேன். என் வீட்டில் அழுகிறவருக்கு நான்தானே போட வேண்டும். பிறகு கேட்டேன்: "நாளைக்குப் போய் இதைச் சொல்லுவியளோ?"

அந்தக் கடதாசியைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "நான் திரும்பப் போனால் மற்றப் பிள்ளையளைப் பற்றியும் திரும்பக் கேப்பினம். அவளுக்கும் இடம் போயிடும். அவளுக்கு வேறை ஒருத்தரும் இல்லை."

அவளுக்கு வேறை ஒருத்தரும் இல்லை! என் முகத்துக்கு நேரே, என் கதிரையில் இருந்து, என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சொன்னீர்கள். வான் வைத்திருக்கிற மனுசன் தினமும் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற அவளுக்கு ஒருவரும் இல்லை. எனக்கு யார் இருந்தார்கள்? தெரியாமல் எழுதியதற்கு நான் உங்களை அன்றைக்கே விட்டிருப்பேன். எந்த ஊரிலும் கண் ஏமாறும். ஆனால் நீங்கள் தெரிந்துகொண்ட பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள். ஒரு பொய்யைக் காப்பாற்ற, ஒரு உண்மையைக் குப்பைக்குள் போட்டீர்கள். பொய்க்கு மஞ்சள் தலைமயிர், உண்மைக்குக் கறுப்பு. நீங்கள் அப்படி நினைக்கவில்லை என்று சொல்லுவீர்கள். நினைக்காமல் செய்ததுதான் எனக்கு இன்னும் கூடுதலாக எரிகிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் வாழ்த்து அட்டை அனுப்பினீர்கள். உங்கள் முழங்கால் நோ, தோட்டத்து அப்பிள், உங்கள் பேரப்பிள்ளைகள், எல்லாம் அதில் இருக்கும். அந்த ஒரு விசயம் மட்டும் இருக்காது. மகள் உங்களைப் போய்ப் பார்ப்பாள், நான் தடுக்கவில்லை. அவளுக்கு இந்த மொழியைத் தந்ததும், குளிரில் நித்திரை கொள்ளப் பழக்கியதும் நீங்கள்தான். அந்தக் கடனைக் கோபத்தோடு சேர்த்துக் குழப்பக் கூடாது என்று இருந்தேன். கடைசிவரை நானாக வரவில்லை. உங்களுக்கு ஏனென்று தெரியும்.

போன வருசம் ஓய்வூதியக் காரியமாகக் கொமூனுக்குப் போனேன். இந்தமுறை மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. மகளை விட இளைய ஒரு பெண், நல்ல பிள்ளை, கணினித் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்கள் இன்னும் கலியாணம் செய்தவ எண்டுதான் இதிலை இருக்குது. அவர் இறந்திட்டார் எண்டு பதியச் செய்தால் உங்களுக்குக் காசும் கூட வரும்."

"வேண்டாம் பிள்ளை" என்றேன்.

"கடைசியா அவரை எப்ப கண்டனீங்கள்?"

"கொண்டுபோன அண்டைக்கு."

"அதுக்குப் பிறகு ஆரும் கண்டவையோ?"

ஓம் என்றேன். எஸ்பியர்க்கில் ஒரு மனுசி கண்டவ, எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தவ என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன். அந்தப் பிள்ளைக்குக் குத்தல் விளங்கவில்லை. கண்கள் விரிய, அந்த மனுசியோடு கதைக்கலாமா, அவர் இன்னும் இருக்கிறாரா என்று கேட்டாள். நீங்கள் அப்போது உயிரோடு இருந்தீர்கள். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன்.

இலவச இடத்தைப் பறித்த கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கணவர் இந்த விலாசத்தில் வசிக்கிறார் என்று நீங்கள் சொன்னதாக அதில் எழுதியிருக்கிறது. அவரைக் கொண்டுபோனவர்கள் கொண்டுபோகவே இல்லை என்றார்கள். அந்த நாட்டில் அவர் பெயரில் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. அதற்குப் பிறகும் அவர் உயிரோடு இருந்தார், ஒரு வீட்டில் இருந்தார், பின்னேரம் வந்து சப்பாத்துக் கழற்றினார் என்று இந்த உலகத்தில் சாட்சி சொன்ன ஒரே ஆள் நீங்கள். நீங்களும் போனபின் அது பொய் என்று எனக்கு மட்டுமே முழுதாகத் தெரியும். எத்தனையோ முறை கிழிக்க எடுத்தேன். என்னால் அதைக் கிழிக்க முடியாமல் பண்ணிவிட்டுப் போய்விட்டீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.