ஈரமில்லாத தரை

சாப்பாட்டில் உப்பில்லை என்று சொல்லக்கூட என்னிடம் பயப்படும் என் வீட்டுக்காரருக்கு,

நானும் பிள்ளைகளும் சுகம். உங்களைத் தூரத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு மாற்றினாலும் மாற்றினார்கள், கட்டில் முழுக்க எனக்கே. நீட்டி நிமிர்ந்து படுக்கிறேன். தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது.

விசாரணைக்கு வந்தவன் ஈரத் தரையில் வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டான் என்று எல்லாரும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்தார்களே, ஸ்டேஷனைத் துடைக்கிற நான் அன்றைக்கு லீவு என்பது ஒருத்தருக்காவது நினைவிருந்ததா? நீங்களும் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "கூட வேலை பார்க்கிறவனைக் காட்டிக் கொடுக்கவா?" என்று முழித்தீர்கள். "அப்ப ஈரம் போட்டேன்னு என்னைக் காட்டிக் கொடுக்கறீங்களா?" என்று நான் கேட்ட பிறகுதான் ஏட்டு அடித்ததை எழுதினீர்கள்.

அதற்கப்புறம் குடியிருப்பில் யாரும் என்னோடு பேசவில்லை. குழாயடிக்கு நான் போனால் குடங்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. எல்லாரும் ஒதுங்குவதால் வரிசையில் நிற்காமல் தண்ணீர் பிடிக்கிறேன், அதுவும் நல்லதுதான்.

நேற்று ஸ்டேஷன் ரைட்டரின் பெண்டாட்டி பின்வாசல் வழியாக வந்தாள்.

"அக்கா, இவரும் முன்னாடி எழுதினதை மாத்தி, பார்த்ததை எழுதிக் கொடுத்துட்டார். இனி என்கூடவும் யாரும் பேச மாட்டாங்க. இங்க கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?"

"உக்காரு, நமக்குன்னு ஒரு கட்சி ஆச்சு" என்றேன். சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர்.

லீவு கிடைத்தால் வாருங்கள். தரையைக் காயவைத்திருக்கிறேன். வந்த இடத்தில் வழுக்கி விழுந்தேன் என்று மட்டும் கதை விடாதீர்கள், இனிமேல் இங்கே ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

உப்புப் பார்க்க ஆளில்லாத
உங்கள் வீட்டுக்காரி