நேர்காணலுக்கு முந்திய பேனர்

மாமா,

காலையில் முச்சந்தியில் உங்கள் முப்பதாம் நாளுக்குப் பேனர் கட்டினார்கள். பால் வாங்கப் போனபோது புது ஃபிளெக்ஸின் பெயிண்ட் வாடை மூக்கில் ஏறியது. மேலே 'கண்ணீர் அஞ்சலி', நடுவில் உங்கள் படம். ஊரில் எல்லாருக்கும் பேனர் கட்டிய மனுஷனுக்கு உருப்படியாக ஒரு போட்டோ கிடையாது. தேடிப் பார்த்துவிட்டு, போன வருஷம் நீங்கள் எனக்குப் போட்ட பேனரின் மூலையிலிருந்து உங்களை வெட்டி எடுத்துவிட்டார் வில்லியனூர் ஃபிளெக்ஸ் கடைக்காரர். அதனால் உங்கள் சாவுப் பேனரில் நீங்கள் கைகூப்பி, பல் தெரியச் சிரித்து, யாருக்கோ வாழ்த்துச் சொல்லிக்கொண்டு நிற்கிறீர்கள். எனக்கு அழுகையோடு அந்தப் பழைய வெட்கமும் சேர்ந்து வந்தது. தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வரும் திங்கட்கிழமை மறுபடியும் எனக்கு நேர்காணல். அதே கல்லூரி, அதே பி.ஃபார்ம். கட்டணமில்லாத அந்த இடம் கிடைத்தால்தான் படிப்பு. இந்த முறையும் இல்லையென்றால் கம்பெனி வேலைக்குப் போய்விடச் சொல்லிவிட்டார் அப்பா.

போன வருஷம் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள் என்று சொன்னதும் உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கேள்வி எதுவும் கேட்கவில்லை. பந்தல் சாமான் ஏற்றியிருந்த குட்டி யானை வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு வில்லியனூர் போனீர்கள். மறுநாள் முச்சந்தியில் நான் தொங்கினேன். பிளஸ் டூ ஹால்டிக்கெட்டுக்கு எடுத்த படம். எண்ணெய் வழியும் முகம், மிரண்ட கண். கழுத்தில் ஒரு ஸ்டெதாஸ்கோப்பைக் கடைக்காரரே ஒட்டிவிட்டிருந்தார். 'மருந்தியல் கல்லூரியில் இடம் பிடித்த வருங்கால டாக்டரே! எங்கள் ஊரின் பெருமையே!' கீழே 'வாழ்த்தும் தாய்மாமன்' என்று நீங்கள்.

"மாமா, இன்டர்வியூ இன்னும் நடக்கவே இல்ல" என்று நான் அலறியபோது நீங்கள் சிரித்தீர்கள்.

"போ பாப்பா. கம்பெனில இன்டர்வியூன்னு கூப்டாலே வேலதான? போய் கையெழுத்து போட்டுட்டு வர்றதுக்குப் பேருதான் இன்டர்வியூ."

நம் பக்கத்துக் கம்பெனிகளில் அப்படித்தான். ஆள் பற்றாமல் வேன் வைத்துக் கூப்பிடுவார்கள். போனவர்கள் எல்லாரும் அன்றைக்கே வேலையில் நிற்பார்கள். நீங்களும் அப்படிச் சேர்ந்து, ஒரு மாதத்தில் ஓடிவந்தவர்தானே. உங்களுக்குத் தெரிந்த நேர்காணல் அது ஒன்றுதான். இது அப்படியில்லை என்று நான் விளக்கிச் சொன்னபோது, "அதுக்கு இன்னா, நாம ப்ராக்டிஸ் பண்ணிடலாம்" என்றீர்கள்.

அதற்கப்புறம் வண்டியில் போகும்போதெல்லாம் நீங்கள்தான் ஆபீசர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குரலைக் கனமாக்கிக்கொள்வீர்கள்.

"சொல்லுங்க மேடம், காய்ச்சலுக்கு இன்னா மாத்திர குடுப்பீங்க?"

"நானா குடுக்கக் கூடாது மாமா. டாக்டர் எழுதித் தரணும்."

"அப்ப நடுவுல நீ எதுக்கு?"

சிரிப்பில் வண்டி ஒருமுறை வாய்க்கால் ஓரம் வரை போய்விட்டது.

நேர்காணல் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் ஊர்ப் பேரைப் பார்த்ததும் நிமிர்ந்தார். தினமும் அந்த வழியாகத்தான் கல்லூரிக்கு வருவாராம். "ஏம்மா, முச்சந்தில பேனர்ல இருக்கிறது நீதானா? நாங்க இன்னும் சீட்டே குடுக்கலியே!" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. என் பயம் தெளியட்டும் என்றுதான் சிரித்திருப்பார். மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் வரை சூடேறியது. ஆமாம் என்றும் சொல்ல வரவில்லை, இல்லை என்றும் சொல்ல வரவில்லை. காலாவதியான மாத்திரையை என்ன செய்ய வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குத் தெரிந்ததைக் கேட்டார்கள். மேஜை விரிப்பின் பூக்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இடம் கிடைக்கவில்லை. பேனர் மட்டும் தொங்கியது. "டாக்டரம்மா, எனக்கு எப்ப ஊசி போடுவ?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அதற்குப் பயந்து வரப்பு வழியாக நடந்து முந்தைய நிறுத்தத்திலேயே பஸ் ஏறினேன். ஒருநாள் தாங்க முடியாமல் உங்கள் வீட்டு வாசலில் நின்று, "உங்களாலதான் போச்சு" என்று கத்தினேன்.

மறுநாள் என் பஸ் முச்சந்தியில் நின்றபோது, குட்டி யானையின் மேல் ஏறி நின்று பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தீர்கள். டீக்கடை மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. "பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லப்பா. நாந்தான் விவரம் தெரியாம அவசரப்பட்டுட்டேன். சிரிக்கிறவன் என்னப் பாத்து சிரி" என்றீர்கள். அவர்களும் சிரித்தார்கள். நீங்களும் கூடவே சிரித்தீர்கள். நான் ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். அந்த ஃபிளெக்ஸ் பிறகு உங்கள் வண்டிச் சாமானுக்கு மழைப் போர்வை ஆனது. யார் கண்ணிலும் படாதபடி என் படத்தை உள்பக்கமாகத் திருப்பிப் போர்த்துவீர்கள். "மொகம் நனையல பாப்பா" என்று ஒருநாள் நீங்களாகவே சொன்னீர்கள்.

போன மாதம் பந்தல் கால் இறக்கும்போது உங்களுக்கு நெஞ்சை அடைத்திருக்கிறது. கேஸ் என்று நினைத்து, மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்கி, சோடாவோடு விழுங்கிவிட்டு அடுத்த லோடுக்குப் போயிருக்கிறீர்கள். மாத்திரை கொடுத்தவர், வேர்க்கிறதா, கை வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் நீங்கள் இல்லை.

"இதயே இன்டர்வியூல சொல்லுடி. மனசு எரங்கிடுவாங்க" என்கிறாள் அம்மா. நேற்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். 'என் மாமா' என்ற இடத்தில் குரல் உடைந்தது. இரண்டாவது தடவையும் அதே இடத்தில் சரியாக உடைந்தது. அதைக் கவனித்ததும் என்னைப் பார்க்க எனக்கே கூசியது. உங்களுக்காக அழ வேண்டியதை நான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன்.

அதைச் சொல்ல மாட்டேன் மாமா. நடுவில் நான் எதற்கு என்று நீங்கள் கேட்டதற்கு மட்டும் இப்போது பதில் தெரியும். மாத்திரை கேட்டு வருகிறவரிடம் அந்த ஒரு வார்த்தையைக் கேட்க ஓர் ஆள் வேண்டும், அதற்குத்தான். கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன். யார் செத்தார்கள் என்று சொல்ல மாட்டேன்.

நடுவில் அதே சார் உட்கார்ந்திருப்பார். இப்போதும் அந்த வழியாகத்தான் வருவார். உங்கள் புது பேனரைப் பார்த்திருப்பார். போன வருஷம் பேனரில் இருந்தது நீதானே என்று மறுபடி கேட்டாலும் கேட்பார். இந்தத் தடவை மேஜை விரிப்பைப் பார்க்க மாட்டேன்.

"ஆமா சார், நான்தான். கீழ கைகூப்பி நின்னது எங்க மாமா."