பதினேழு பொத்தான் வைத்த கவுன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் நானும் அப்பாவும் சுகம், மனசைக் கேட்காதே. உனக்குச் சளி விட்டதா. கார்னிவலில் நடந்ததைச் சித்தி இதற்குள் போனில் சொல்லியிருப்பாள், அவளுக்குத் தெரிந்தது பாதிதான், மீதியை நான் சொல்லாமல் யார் சொல்வது.

கார்னிவல் வேஷ உடுப்பு தைக்கும்போது ஊர்வலத்தில் எந்த வண்டிக்கு, என்ன கூத்துக்கு என்று தையல்காரி கேட்கக் கூடாது என்பது உனக்குத் தெரிந்த வழக்கம்தானே. இந்த வருடம் முடிதிருத்தும் கடைக்காரர், அதுதான் அப்பாவின் கூட்டாளி, வந்து ஒரு கல்யாணக் கவுன் வேண்டும், போடப்போகிறவன் உங்கள் மகள் மாதிரியே நெட்டை, ஒல்லி என்றார். நானும் பழைய நோட்டைத் திறந்து உன் அளவையே எடுத்துவிட்டேன். அதோடு நின்றிருக்கலாம். சுருக்கு வைத்த கழுத்து, நீளக் கை, முதுகில் பதினேழு பொத்தான் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் நின்றுபோன உன் கல்யாணத்துக்குத் தைத்தது போலவே கை தானாகத் தைத்துக்கொண்டே போனது, உனக்கே தைக்கிற மாதிரி எனக்குச் சந்தோஷம் வேறு.

கார்னிவல் அன்றைக்கு நம் கடை வாசலில் நின்றேன். வண்டியின் மேல் முகமூடி போட்ட மணப்பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடுகிறாள், மாப்பிள்ளை பின்னால் தடுக்கி விழுகிறான். உன்னிடம் என்ன மறைப்பது, முதலில் நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். எதிர்க்கடை ரொட்டிக்காரி உன் பெயரைச் சொல்லிக் கத்திய பிறகுதான் பொத்தான்களைப் பார்த்தேன். அப்புறம் தெருவே உன் பெயரைச் சொல்லிக் கைதட்டியது. முன்னால் பெரிய டிரம் அடித்துக்கொண்டு போன அப்பா ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், டிரம்மைக் கழற்றி நடுரோட்டில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். அடி நின்றதும் ஊர்வலமும் அங்கேயே நின்றுவிட்டது.

மறுநாள் கடைக்காரர் வந்து, நாங்கள் யாரையும் நினைத்துப் போடவில்லை, உடுப்பைப் பார்த்துத்தான் சனம் பெயர் வைத்தது என்று கண் கலங்கினார். நிஜம்தான். உன் கல்யாணக் கவுனை அப்போது ஒரு மாதம் கடைக் கண்ணாடிக்குள் தொங்கவிட்டு ஊருக்கெல்லாம் காட்டியவள் நான்தானே. அப்பாவோ அவர் வேண்டுமென்றே கேட்டுத் தைத்து வாங்கினார் என்று நம்பிக்கொண்டு அவரோடு பேச்சை விட்டுவிட்டார், அந்தக் கடையில் இனி முடி வெட்ட மாட்டாராம், காதை மூடிக்கொண்டு முடி வளர்கிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்ட கையோடு அப்பாவிடம் சொல்லிவிடுவேன், உன்னிடம் முதலில் சொன்னால்தான் எனக்குத் தைரியம் வரும்.

அந்தக் கல்யாணத்தை நீ ஏன் வேண்டாமென்றாய் என்று இன்றுவரை நான் உன்னைக் கேட்டதில்லை அம்மா. நாலு பேர் சிரிப்பார்களே என்றுதான் அன்று அழுதேன். அந்த நாலு பேரில் முதலில் சிரித்தவள் நான். காரணத்தை இப்போது சொல்லு, கேட்டுக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் பண்ண மறக்காதே. எங்கிருந்தாலும் நீ நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அம்மா